பாலாக்காவின் வியாழக்கிழமைத் தாரா

லண்டன் மோர்டனில் எங்கள் தெருவில் பதினேழாம் இலக்க வீட்டில் இருக்கும் பாலாம்பிகையை எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். பாலாக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் இரண்டு வீடு தள்ளி. அவர் வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்பது எனக்குத் தெரியும், என் வீட்டுச் சண்டை அவருக்குத் தெரியும். அவர் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. ஆனால் அறுபத்தொரு வயதில் ஒரு மரத் தாராவுக்காக, ஒரு மர வாத்துக்காக, முழுக் குடும்பத்தோடும் மல்லுக்கு நின்றார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூற்றிரண்டில் லண்டனுக்கு வந்தவர். முதல் வேலை ஒரு சான்ட்விச் தொழிற்சாலையில் அவித்த முட்டை உரிப்பது. பிறகு கணவர் ஆனந்தராஜா அண்ணை மூலையில் கடை எடுத்தார். பாலாக்கா பத்தொன்பது வருடம் அந்தக் கவுண்டரில் நின்றார். நின்ற நிலையிலேயே இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். கடையைக் கொடுத்துவிட்டு ஆறுதலாக இருக்கலாம் என்று பார்த்தால், அடுத்த மாதமே கோயில் மடைப்பள்ளியில் வெள்ளிக்கிழமைச் சமையல் தலையில் வந்து விழுந்தது. சனிக்கிழமை அந்தச் சமையலின் பாத்திரங்களைக் கழுவி அடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை முழுக் குடும்பமும் வந்து சாப்பிடும். மூத்தவன் சயந்தனுக்குப் பிள்ளை பிறந்து, மருமகள் மேனுஷா மூன்று நாள் வேலைக்குத் திரும்பியதும் திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் பேரன் ரவீனுக்குப் போனது. மிஞ்சியது வியாழன் ஒன்றுதான்.

அந்த வியாழனிலும் பிரஷர் ஏறிப்போய் டொக்டரின் சர்ஜரிக்குப் போனார். அங்கே வேலை செய்யும் ஒரு பிள்ளை மருந்தோடு ஒரு பட்டியலையும் நீட்டியதாம். ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்தால் மனம் ஆறும் என்று சொன்னதாம். திரும்பி வந்து என் குசினியில் இருந்து பாலாக்கா சொன்னதை அப்படியே தருகிறேன்.

"கதிரையில இருந்து கையை ஆட்டிறது ஒண்டு. அதைத்தான் நான் ரவீனுக்குச் சோறு தீத்தேக்க ஒவ்வொரு நாளும் செய்யிறன். நடக்கிறது ஒண்டு. முப்பது வருசம் நான் என்ன பறந்தே கடைக்குப் போனனான்? பின்னல் ஒண்டு. அதைக் கண்டாலே எனக்குத் தலையிடி. கடைசியா இருந்தது மரத்தில தாரா செதுக்கிறது. அதில என்ர பேரை எழுதும் பிள்ளை எண்டிட்டு வந்தன்."

"தாராவோ? உங்களுக்கு என்ன விசரே பாலாக்கா?"

"இருக்கலாம். பிரஷருக்கும் அதுக்கும் ஒரே குளிசையோ எண்டு அடுத்தமுறை கேக்கிறன்."

வகுப்பு வாண்டில் ஆற்றுப் பக்கம் ஒரு பழைய கொட்டிலில். பத்துப் பேர், எட்டு வாரம். படிப்பிப்பவள் ட்ரேசி என்று ஒரு வெள்ளைக்காரி. முன்பு பஸ் ஓட்டியவளாம். அதனால் குரல் மட்டும் பஸ்ஸின் மேல்தட்டுக்கும் கேட்கும் என்பார் பாலாக்கா. பக்கத்து மேசையில் டெரிக். ஓய்வுபெற்ற தீயணைப்புக்காரர். பாலாக்கா எதைச் செய்தாலும் நேர்சரிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல "நல்லாயிருக்கு, லவ்" என்பாராம். அது பாலாக்காவுக்குப் பிடிக்கவே இல்லை.

இந்தத் தாரா எதற்கு என்று நான் விசாரித்தேன். வேட்டைக்காரர் மரத் தாராக்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஒளிந்திருப்பார்களாம். மேலே பறக்கும் தாராக்கள், கீழே நம் ஆட்கள் இருக்கிறார்கள், பயமில்லை என்று இறங்கும். அப்போது சுடுவது. இப்போது அநேகம் பேர் யன்னலில் அழகுக்குத்தான் வைக்கிறார்களாம். ஆனாலும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பாலாக்கா, நீங்கள் சுத்த சைவம். உதைக் காட்டிக் கூப்பிட்டுச் சுடுறது பாவமில்லையோ?"

"என்ர தாரா ஆரின்ர சட்டிக்குள்ளயும் விழாது. போன கிழமை நீர் ஆட்டுக்கால் சூப் வைச்சனீர், மணம் என்ர படுக்கையறை மட்டும் வந்தது. அந்த ஆட்டிட்ட முதல் கேட்டனீரோ?"

பாவக் கதையை விட்டுவிட்டு, எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டேன்.

வேலை லேசானது இல்லை. லைம் என்று ஒரு மெத்தென்ற மரம். அதில் தாராவைப் பக்கவாட்டில் ஒருமுறையும் மேலிருந்து ஒருமுறையும் கீறி, வாளால் அரிய வேண்டும். பிறகு இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியை நெஞ்சை நோக்கி இழுத்து இழுத்துச் செதுக்க வேண்டும். உடம்பு இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியையும் உளியால் உள்ளே குடைந்து, சுவர் ஒரு விரல் தடிப்புக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்து ஒட்டுவது. தலை வேறாகச் செய்து பொருத்துவது. பாலாக்கா முதல் செய்த தலை கோழி. இரண்டாவது கிளி. மூன்றாவதைத்தான் தாரா என்று ஒத்துக்கொள்ளலாம். இரண்டு பெருவிரலிலும் பிளாஸ்டர். அந்தப் பிளாஸ்டரோடு வெள்ளிக்கிழமை கோயிலில் வடைக்கு மாப் பிசைய முடியாது என்று சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து "ஏலாது" என்று வந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

எட்டு வாரம் முடிந்தபிறகு அந்தக் கொட்டிலில் சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேசை கிடைக்கும். சொந்த மேசை, ஆயுதப் பெட்டி, அதற்குப் பூட்டும் திறப்பும், வியாழன் முழு நாளும். யாருக்கு என்பதற்கு ஒரே ஒரு பரீட்சை. கடைசி நாள் தாராவைக் கொட்டிலுக்குப் பக்கத்துக் குளத்தில் தலைகீழாக வைப்பார்கள். அது தானாகவே நிமிர்ந்து மிதக்க வேண்டும். நிமிர்ந்தால் மேசை.

பாலாக்காவுக்கு அந்த மேசை வேண்டும். வீட்டில் இடமில்லை, கராஜ் முழுக்கப் பழைய கடையில் சாமான் அடுக்கிய ராக்கைகள். உளிகளைப் பையில் கொண்டு போய்வரவும் ஆனந்தராஜா அண்ணை விடமாட்டார். "கத்தியோட பஸ்ஸில ஏறினால் பொலிஸ் பிடிக்கும். பிறகு என்ன சொல்லப்போறீர், தாரா வெட்டப் போறன் எண்டோ?" என்று கேட்டார். அதில் நியாயம் இருந்ததால் பாலாக்காவுக்கு இன்னும் கோபம்.

நான்காவது வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் கீரைச் சட்டி திருப்பிக் கொடுக்கப் போனேன். எல்லாரும் மேசையில். சயந்தன் சோற்றைக் குழைத்துக்கொண்டே கதையைத் தொடக்கினான்.

"அம்மா, ஈஸ்டருக்குப் பிறகு மேனுஷாக்கு வியாழனும் வேலை. ரவீனை அண்டைக்கும் கொண்டுவந்து விடுறம். நீங்கள் ஃப்ரீ தானே."

"ஃப்ரீ இல்லை. எனக்கு வகுப்பு."

"கமோன் அம்மா. அது ஒரு ஹொபி."

"நேர்சரியில வியாழனுக்கு இடமிருக்கெண்டு மேனுஷா சொன்னவள்."

மேனுஷா தன் தட்டைப் பார்த்தாள். "இருக்கு மாமி. இந்த மாதக் கடைசிக்குள்ள சொல்லச் சொன்னவை."

"அப்பம்மா வீட்டில இருக்கேக்க நேர்சரி என்னத்துக்கு?" என்றான் சயந்தன்.

ஆனந்தராஜா அண்ணையும் அப்பளத்தை உடைத்துக்கொண்டு சேர்ந்துகொண்டார். "அவன் கேக்கிறது சரிதானே. மரத்தைப் பிறகும் சுரண்டலாம். பிள்ளை பிறகு சின்னனாய் இராது."

பாலாக்கா அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன்.

"எல்லாரும் கேளுங்கோ. கடைசி வியாழன் தாராவைக் குளத்தில தலைகீழா விடுவினம். நிமிர்ந்தால் வியாழன் எனக்கு. பிறகு ஆரும் அதைக் கேக்கப்படாது. கவிண்டால் ரவீனை நான் பாக்கிறன், தாரா எண்ட சொல்லே இந்த வாயில வராது."

சயந்தன் சிரித்தான். "டீல். நானும் லீவு எடுத்து வந்து பாக்கிறன்."

அவன் சிரித்ததில் பிழை சொல்ல மாட்டேன். அம்மா கடையில் சாமான் அடுக்கிப் பார்த்திருக்கிறான், சட்டி கழுவிப் பார்த்திருக்கிறான். தனக்கென்று ஒன்றைச் செய்து அவன் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்று மிதக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ஆறாவது வாரம் செதுக்கல் முடிந்தது. வீட்டில் வைத்துச் சாண்ட்பேப்பர் போட்டு வரச்சொல்லி ட்ரேசி கொடுத்துவிட்டாள். உண்மையில் வடிவாக இருந்தது. கழுத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, யாரோ திட்டப்போகிறார்கள் என்று தெரிந்தும் நகராமல் இருப்பதுபோல ஒரு இருப்பு. இரண்டு பேரும் தடவித் தடவிப் பார்த்தோம். பிறகு எங்கள் பெண்கள் யாராக இருந்தாலும் செய்திருக்கும் வேலையைச் செய்தோம். புது அகப்பையோ இடியப்ப உரலோ எது வந்தாலும் தேங்காய் எண்ணெய் பூசிக் காயவிடாமல் பாவிப்போமா? வெடித்துப்போகும் அல்லவா? பாலாக்கா எண்ணெய் பூசி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். குடித்துவிட்டது. "இன்னொருக்காப் பூசுங்கோ" என்று சொன்னது நான். ஆக மூன்று முறை.

ஏழாவது வியாழன் பின்னேரம் பாலாக்கா நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார். கோட்டைக் கழற்றவில்லை. தாராவை என் மேசையில் வைத்தார்.

"பெயின்ட் பிடிக்கேல்லை."

ட்ரேசி முதல் பூச்சைப் பூசியதும் அது ஒட்டாத சட்டியில் முட்டை ஓடுவதுபோல ஓடித் திரண்டதாம். எண்ணெய் ஆழத்துக்கு இறங்கிவிட்டது, இனி எந்த வர்ணமும் நிற்காது என்றாளாம். அதோடு மினுக்கமும் கூடாதாம். தாராவின் முதுகு வெயிலில் பளபளத்தால் மேலே பறப்பவை பொய் என்று கண்டுபிடித்துவிடும். இதை வீட்டில் அழகுக்கு வைத்துக்கொண்டு இலையுதிர்கால வகுப்பில் புதிதாகச் செய் என்றும் சொல்லியிருக்கிறாள்.

"டெரிக் கேக்கிறார், ஏன் லவ் எண்ணெய் விட்டனி, இது சலாட் இல்லையே எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. இங்கிலீசில மாத்திறதுக்குள்ள கோபம் ஆறிப்போகுது."

எனக்குக் குற்ற உணர்வு. "சயந்தனிட்ட ஒரு ஆறு மாதம் தவணை கேளுங்கோவன்" என்றேன்.

"கேக்கமாட்டன். கேட்டுக் கேட்டுத்தான் மற்ற ஆறு நாளும் போனது."

நான் சம்பலுக்குக் கத்தரிக்காய் சுட்டுக்கொண்டிருந்தேன். காஸ் நெருப்பில் தோல் கருகி வெடித்துக்கொண்டிருந்தது. பாலாக்கா அதையே பார்த்தார்.

"கத்தரிக்காய்க்கு எண்ணெய் பூசினனீரோ?"

"ஓம். பூசினால்தானே வடிவாய்க் கருகும்."

"எண்ணெய் எங்க போகுது?"

"எரிஞ்சு போகுது. வேற எங்க?"

அவர் தாராவைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். நான் அடுப்பை நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடினேன்.

அவர்கள் வீட்டுப் பின்வளவில் பொரியலுக்கென்று ஒரு காஸ் அடுப்பு உண்டு, மணம் வீட்டுக்குள் வராமல் இருக்க. அதை முழுதாகத் திறந்துவிட்டு, ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, தாராவை நெருப்பில் காட்டினார். பசை விட்டுவிடும் என்று, வயிற்றோரம் இரண்டு பாதியும் ஒட்டிய இடத்தில் மட்டும் நெருப்பை நிறுத்தாமல் ஓட்டினார். தேங்காய் எண்ணெய் புகையத் தொடங்கியது. தெரு முழுக்கக் கொப்பரை வாசம். ஆனந்தராஜா அண்ணை கையில் பேப்பரோடு ஓடிவந்தார்.

"என்னப்பா இது? என்ன செய்யிறீர்?"

"தாரா சுடுறன்."

"நீர் சைவமெல்லே?"

"இண்டைக்கு இல்லை. தள்ளி நில்லுங்கோ."

கருகியதும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் உரஞ்சினார். மறுபடி சுட்டார், மறுபடி உரஞ்சினார். மூன்றாம் முறைக்குப் பிறகு மினுக்கம் கொஞ்சமும் இல்லை. எங்கள் அடிப்பிடித்த சட்டிகள் எல்லாவற்றையும்விடக் கறுப்பு. பழுப்பும் பச்சையுமாக வர இருந்த தாரா கரிக்கட்டையாக நின்றது.

அடுத்த நாள் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி விட்டுப் பார்த்தோம். இடது பக்கம் கூடுதலாக எரிந்திருக்கிறது போல. வலது பக்கம் சரிந்து, தலைகீழாக வைத்தால் அப்படியே கிடந்தது. செத்த பிராணி. வயிற்றில் ஒரு ஈயத் துண்டு திருகாணியால் முறுக்கியிருக்கும், அந்தப் பாரம்தான் அதை நிமிர்த்துவது. பாலாக்கா மேசைக் கத்தியால் ஆணியைத் திருகத் தொடங்கினார். துவாயோடு வந்த ஆனந்தராஜா அண்ணை வாசலில் நின்றார்.

"நான் எங்க குளிக்கிறது?"

"சிங்கில முகத்தைக் கழுவுங்கோ. எங்க போகப்போறியள்?"

அவர் போனார். திரும்பி வந்து காரில் கிடந்த திருப்புளியை நீட்டினார். "நல்ல கத்தி. வளைச்சுப்போடாதையும்" என்று மட்டும் சொன்னார். பாலாக்கா வாங்கிக்கொண்டார். ஈயத்தை ஒரு விரல் அகலம் இடப்பக்கம் தள்ளி, பழைய துளையை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, ஆறு நாளும் அந்தத் தொட்டியிலேயே விட்டு விட்டுப் பார்த்தார். நாற்பது தரம் விட்டால் முப்பது தரம் நிமிர்ந்தது. மிச்சம் பத்தை அவர் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும்.

எட்டாவது வியாழன் நானும் போனேன். மார்ச் கடைசி, வெயில் இருந்தும் விரல் விறைத்தது. ட்ரேசி கறுப்புத் தாராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது வகுப்பில் படிப்பித்த தாரா இல்லை என்றாள். டெரிக் எட்டிப் பார்த்து, நெற்றியில் வெள்ளை வைத்தால் இது இந்தக் குளத்தில் திரியும் கூட் பறவைதான் என்று சிரித்தார். அப்படி ஒரு கறுப்புப் பறவை அங்கே உண்டு, சொண்டும் நெற்றியும் மட்டும் வெள்ளை. அவர் பகிடிக்குத்தான் சொன்னார். பாலாக்கா தூரிகையை எடுத்து வெள்ளையில் தோய்த்து, சொண்டிலும் நெற்றியிலும் பூசினார். இந்த முறை பெயின்ட் பிடித்தது.

சயந்தன் ரவீனைத் தூக்கிக்கொண்டு வந்தான், பின்னால் மேனுஷா. தாராவைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தாராவுக்கும் திருநீறு பூசிக் கூட்டிக்கொண்டு வந்திட்டீங்களோ அம்மா?"

"பரீட்சைக்குப் போகேக்க உனக்கும் பூசித்தான் அனுப்பினனான். அப்ப நீ சிரிக்கேல்லை."

குளத்தோரப் பலகையில் ட்ரேசி குந்தி இருந்து, ஒவ்வொன்றாக நூலில் கட்டித் தலைகீழாகத் தண்ணீரில் வைத்தாள். டெரிக்கின் தாரா பச்சைத் தலையும் இறகு இறகாக வரைந்த செட்டையுமாகக் கடையில் வாங்கியதுபோல இருந்தது. அது பாதி திரும்பி, பக்கவாட்டில் படுத்தே கிடந்தது. மூன்று தாரா நிமிர்ந்தன. டெரிக்கினதைச் சேர்த்து ஆறு நிமிரவில்லை. கடைசி பாலாக்காவினது.

தலைகீழாக வைத்தாள். ஈயம் வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. பாலாக்கா என் கையைப் பிடித்தார், நகம் இறங்கியது. சயந்தன் தொண்டையைச் செருமினான். "சரி அம்மா, பரவாயில்லை—"

தாரா ஒரு பக்கம் அசைந்து, சடாரென்று புரண்டு நிமிர்ந்தது. நெற்றி வெள்ளை எங்களைப் பார்த்தது.

அவன் சொல்லத் தொடங்கியதை முடிக்கும் முன் நாணலுக்குள் ஒரு சத்தம். உண்மையான கூட் ஒன்று கழுத்தைத் தண்ணீரோடு நீட்டிக்கொண்டு அம்புபோல வந்தது. அங்கே கூடு கட்டியிருக்க வேண்டும். மற்றத் தாராக்கள் எதையும் அது திரும்பியும் பார்க்கவில்லை. நேரே பாலாக்காவின் தாராவில் மோதியது. தாரா கவிழ்ந்தது, நிமிர்ந்தது. பறவை முதுகில் ஏறிக் காலால் உதைத்தது. கவிழ்ந்தது, நிமிர்ந்தது. கொத்தியது, தள்ளியது. எத்தனை தரம் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தரமும் அந்தக் கரிக்கட்டை எழும்பி வந்து அதே இடத்தில் அதே இருப்பு இருந்தது.

"ஆனால் அது தாராவே இல்லையே" என்றார் டெரிக்.

"அதை அந்தப் பறவைக்குப் போய்ச் சொல்லு" என்று ட்ரேசி பஸ் குரலில் சொன்னாள். பையிலிருந்து ஒரு திறப்பை எடுத்துப் பாலாக்காவின் கையில் வைத்தாள்.

மேனுஷா போனைக் காதிலிருந்து எடுத்தாள். "நேர்சரிக்குச் சொல்லிட்டன் மாமி. வியாழன் சரி."

"என்னட்டக் கேக்காமலோ?" என்றான் சயந்தன்.

"நீங்கள்தானே டீல் போட்டனீங்கள்."

அவன் அம்மாவின் பக்கம் திரும்பினான். "சரி, நல்லாத்தான் இருக்கு. ஆனாப் பாருங்கோ அம்மா, முதல் ரெண்டு மூண்டு வியாழன் மட்டும், பிள்ளை பழகுமட்டும்—"

பாலாக்கா கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பறவையின் சண்டையில் நூல் நாணலில் சிக்கிவிட்டது. இழுத்தாலும் வரவில்லை. சப்பாத்தைக் கழற்றி, திறப்பை அதற்குள் போட்டு, காற்சட்டையை முழங்கால் மட்டும் சுருட்டி, அந்தக் குளிர்த் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"அம்மா, குளிர். சேறு வேற. ஏறுங்கோ, நான் இறங்கிறன்." ரவீன் அவன் தோளில் சிணுங்கத் தொடங்கினான். சயந்தன் பிள்ளையை இரண்டு கையாலும் அம்மாவை நோக்கி நீட்டினான். "இவனை ஒருக்காப் பிடியுங்கோ."

பாலாக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கறுப்புத் தாராவை ஒரு கையால் தூக்கிக் கக்கத்தில் வைத்து, மற்றக் கையால் அந்தப் பறவையை விரட்டிக்கொண்டே சொன்னார்.

"நீ பிடி. இண்டைக்கு வியாழக்கிழமை."